உப்புச் சேறு

நாகராசுவின் மண் தள்ளும் செயின் டோசர் நான்கு வருடமாகத் தைலமரத் தோப்பின் ஓரத்தில் நிறுத்திய இடத்திலேயே நின்றது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. பேட்டரியை மாட்டி டீசல் ஊற்றினால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உறுமத்தான் செய்தது. உறுமி என்ன புண்ணியம்? இரண்டு பக்கச் செயினும் விறைத்துக்கொண்டு, கியரைப் போட்டால் அரை அடி போய் மடக்கென்று நின்றது. அதற்கு மேல் அழுத்தினால் பல்லுச்சக்கரம் தெறிக்கும். பல்லுச்சக்கரம் போனால் அப்புறம் வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

சைக்கிள் செயினை இறுக்கவும் தளர்த்தவும் சக்கரத்தை முன்னே பின்னே தள்ளுகிறோம் அல்லவா, இதற்கும் அதே சங்கதிதான். டோசரில் முன்சக்கரத்தைத் தள்ள உள்ளே ஒரு குழாயும் தண்டும் இருக்கும். கிரீஸை ஏற்றினால் தண்டு முன்னே நகர்ந்து செயின் இறுகும். வால்வைத் திறந்தால் கிரீஸ் வெளியேறிச் செயின் தளரும். அட்ஜஸ்டர் என்பார்கள். அந்த அட்ஜஸ்டர் இரண்டும் துருவேறிப் பிடித்துக்கொண்டன.

யாரால் பிடித்தது என்று அந்த வீட்டில் எவரைக் கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: வெள்ளைச்சாமி. நாகராசுவின் மனைவி செவந்தியின் கூடப்பிறந்த தம்பி. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஆறு வருடம் அதை ஓட்டியவன். வாரத்துக்கு இரண்டு தடவை கிரீஸ் அடிக்க வேண்டியவன் அடிக்காமலே ஏய்த்துவிட்டான் என்று நாகராசு சொன்னார். நாகராசுவின் தம்பி வெற்றிசெல்வனும் அதையே சொன்னான். வெள்ளைச்சாமி தலையில் அடித்துக்கொண்டு இல்லை என்றான். செவந்தி பாவம் என்ன செய்வாள், கட்டிய புருசன் பக்கம் நின்றாள். நின்றதும் சும்மா நிற்கவில்லை. அடுத்து வந்த தைப்பொங்கலுக்கு முந்தின நாள், வெள்ளைச்சாமி வழக்கம்போல மோட்டார் சைக்கிளில் கரும்பும் மஞ்சள்கொத்தும் பானையும் கட்டிக்கொண்டு பொங்கச்சீர் கொண்டுவந்தான். அவள் வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, "எம்புருசன் பொழப்பைக் கெடுத்தவன் கொண்டாந்த கரும்பு எனக்கு வேணாம். எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதோடு அக்காள் தம்பி பேச்சுவார்த்தை நின்றது.

இப்போது செவந்தியின் மகள் காவ்யாவுக்கு ஆவணியில் கல்யாணம். கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறவள் போனைப் போட்டால் பேச்சே இதுதான். "பத்திரிகையில தாய்மாமன் பேரு இருக்கா இல்லையாம்மா? மாமா வந்து மாலை எடுத்துக் குடுக்காம நான் மணவறைக்கு வரமாட்டேன், சொல்லிட்டேன்." அச்சகத்திலிருந்து மாதிரிப் பத்திரிகை வந்து வாரம் ஒன்றாகிவிட்டது. தாய்மாமன் என்று அச்சடித்து அதற்கு எதிரே வெள்ளையாக விட்டிருந்தார்கள். அந்த இடத்தைப் பார்க்கிற போதெல்லாம் செவந்தி அதை விரலால் தடவுவாள். மறுநிமிடமே தம்பி மேல் கோபம் வரும். பாவிப்பய, ஒழுங்காக கிரீஸ் அடித்திருந்தால் இவ்வளவு வந்திருக்குமா?

குடுமியான்மலைக்கு மேற்கே பக்கத்து ஊர்க் கண்மாயில் வண்டல் எடுக்க அனுமதி கிடைத்திருந்தது. அடியில் ஈரம் காயாத கண்மாய். டயர் வண்டி இறங்கினால் அச்சு வரைக்கும் அமுங்கிவிடும். செயின் வண்டிதான் சரிப்படும். "திங்கக்கெழம காலையில ஒங்க வண்டி கண்மாய்க்குள்ள நிக்கணும் நாகராசு. நிக்கலைன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கிருவோம்" என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். உள்ளூர் மெக்கானிக்குகள் வந்து பார்த்து, கேஸ் வைத்து அறுத்துத்தான் எடுக்கணும் என்று கைவிரித்தார்கள். கடைசியில் யாரோ சொல்லி ஜெகதாப்பட்டினத்திலிருந்து அருள்தாஸ் வந்தான். விசைப்படகுகளின் எஞ்சினும் வலை இழுக்கிற வின்ச்சும் பார்க்கிறவன். மீன்பிடித் தடைக்காலத்துப் படகு வேலை எல்லாம் முடிந்து சும்மா இருந்தான். வரும்போதே நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கொண்டுவந்து செவந்தியிடம் கொடுத்தான்.

"மூணு நாள் ஒங்க வீட்டுச் சோறுதானக்கா. வெறுங்கையோட வந்தா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தான்.

அது வெள்ளிக்கிழமை. ஆனிக் காற்று செம்மண்ணை வாரி வாரி முகத்தில் அடித்தது. அருள்தாஸ் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தான். சுத்தியலால் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. காதை வைத்துக் கேட்டான்.

"கேஸ் வச்சுக் காய்ச்சினா சீக்கிரம் எளகிராதா தம்பி?" என்றார் நாகராசு.

"ஆத்தாடி, அந்தப் பேச்சே எடுக்காதீங்கண்ணே. உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு பாருங்க, என் தொடைத்தண்டி. அது டன் கணக்குல அமுங்கிக் கெடக்கு. அங்கிட்டு கிரீஸ் அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. காய்ச்சினீங்கன்னா குண்டு மாதிரி தெறிச்சிரும். ஆளு மிஞ்ச மாட்டான். இதைப் பொறுமையாத்தான் கெஞ்சணும்."

"கெஞ்சினா கேக்குமா?"

"கேக்காதா பின்ன? டீசலையும் மண்ணெண்ணெயையும் கலந்து ஊத்தி ஊற விடுவோம். ஊறட்டும், தட்டுவோம், மறுபடி ஊத்துவோம். என் சம்சாரத்துக்கிட்ட நான் படுற பாட்டைவிடவா இது பெரிய பாடு?"

நாகராசு விழுந்து விழுந்து சிரித்தார். செவந்திக்கும் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு அந்தத் தோப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அன்று சாயந்திரம் வெற்றிசெல்வன் பைக்கில் வந்தான். வடையும் டீயும் வாங்கி வந்திருந்தான். அண்ணனிடம் வாஞ்சை உள்ளவன், அதில் குறை சொல்ல முடியாது. டீயை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "மெக்கானிக் எந்த ஊருண்ணே?" என்றான்.

"ஜெகதாப்பட்டினம்."

அவன் டீ ஊற்றுவதை நிறுத்தினான். "அவ்வளவு தூரத்துல இருந்தா? இங்கிட்டு ஆளே இல்லாமப் போச்சா?"

"இங்கிட்டு இருக்கவன் எல்லாம் அறுக்கணும்கிறான்டா. வேற என்ன செய்யச் சொல்ற?"

வெற்றிசெல்வன் புதுக்கோட்டையில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பியவன், அடுத்த இரண்டு நாளும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. என்ன வேலையோ என்று செவந்தியும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை இடப்பக்கம் வழிக்கு வந்தது. வந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! அருள்தாஸ் வால்வுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று அதை அரைச் சுற்றுத் திருகி வைத்தான். பின்பக்கப் பல்லுச்சக்கரத்துக்கும் செயினுக்கும் இடையில் ஒரு புளியங்கட்டையைச் செருகினான். "இப்ப மெல்ல ரிவர்ஸ் எடுங்கண்ணே. மெல்ல, மெல்ல. கட்டையைச் செயின் கடிக்கணும். கடிச்சா இன்னும் விறைக்கும். விறைச்சா முன்சக்கரம் பின்னால வந்துதானே ஆகணும்? வராம எங்க போகும்?" நாகராசு லீவரை விரலால் தொடுவது போலத் தொட்டார். கட்டை நெறுநெறுவென்றது. செயின் முனகியது. வால்விலிருந்து கறுப்பாக, புழு நெளிவது போல கிரீஸ் வெளியே வந்தது. "வருதுண்ணே, வருது, விட்ராதீங்க!" முன்சக்கரம் இரண்டு விரற்கடை பின்னால் நகர்ந்தது. செயின் தொய்ந்தது. நாகராசு கீழே குதித்து அருள்தாஸைக் கட்டிக்கொண்டார். மத்தியானம் கருவாட்டோடு கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுச் செவந்தி வைத்த குழம்பை இரண்டு பேரும் சட்டியோடு காலி செய்தார்கள்.

வலப்பக்கம் அப்படி மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இரண்டு கட்டை நொறுங்கியதுதான் மிச்சம். வால்வு திறந்தே இருந்தது, ஒரு சொட்டு கிரீஸ் வரவில்லை. அருள்தாஸ் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தான்.

"தண்டைச் சுத்தி மண்ணு கெட்டிச்சுப் போயிக் கெடக்குண்ணே. சிமெண்டு கணக்கா இருக்கு. இதைச் சொரண்டி எடுக்காம ஒண்ணும் நடக்காது. ஆனா கையி போகாதே. ஓட்டை சின்னதா இருக்கு."

அவன் கையை விட்டுப் பார்த்தான். மணிக்கட்டோடு நின்றது. நாகராசுவின் கை அதுகூடப் போகவில்லை.

"நகருங்க, நான் பாக்குறேன்" என்றாள் செவந்தி.

"நீயா? கை சிக்கிக்கிச்சுன்னா?"

"சிக்கினா அறுத்து எடுங்க" என்று சொல்லிவிட்டுச் சேலையை வரிந்து செருகிக்கொண்டு மண்ணில் ஒருக்களித்துப் படுத்தாள். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்தாள். ஒல்லியான கை முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அருள்தாஸ் ஒரு பழைய ரம்பத்தகட்டை முறித்துக் கொடுத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிச் சுரண்டினாள். பிடிபிடியாக வெளியே எடுத்து ஒரு தகரத்தில் போட்டாள். முதலில் வந்ததெல்லாம் செம்மண். இந்த ஊர் மண். அதற்கடியில் கிரீஸும் மண்ணும் கலந்த கறுப்புக் கட்டி. இன்னும் உள்ளே போகப் போக மண்ணின் பதம் மாறியது. விரலுக்கு மாவு போல நைசாக இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறம். ஒரு வாடை. நடுவில் நறநறவென்று என்னவோ தட்டுப்பட்டது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நகத்தின் அளவு சிப்பித் துண்டுகள். ஊசி போல ஒரு குட்டிச் சங்கு.

ஒரு விரலை நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

"தம்பி, இது என்ன மண்ணு?"

அருள்தாஸ் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தான். அவனுக்கு என்ன தெரியும் பாவம், தெரிந்ததைச் சொன்னான். "இதுவா? இது எங்க ஊரு மண்ணாச்சேக்கா! கடல்கரைச் சேறு. இறால் பண்ணைக் குட்டையில இந்தக் குட்டிச் சங்கு கூடைகூடையாக் கெடக்கும். அதான் இந்தப் பிடி பிடிச்சிருக்கு. உப்புத் தண்ணிக்குள்ள ஓட்டிப்புட்டு நல்ல தண்ணியில கழுவாம விட்டா எந்த அட்ஜஸ்டரும் பிடிச்சுக்கிரும். நீங்க தெனம் கிரீஸ் அடிச்சாலும் பிடிக்கும். வண்டி எந்தப் பண்ணையிலண்ணே ஓடுச்சு?"

நாகராசு தகரத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "எல்லா மண்ணுலயும்தான் சங்கு கெடக்கு. வேலையைப் பாருப்பா. பொழுது போகுது."

செவந்தி படுத்தபடியே அவரை அண்ணாந்து பார்த்தாள். அந்த மனுசனைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் காணாமல் போனால் மூன்று நாள் ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்கிறவர். தன் வண்டிக்குள் கடல் சேறு எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. ஆச்சரியப்படக்கூட இல்லை. அவள் கைக்குள் இருந்த சேறு சில்லிட்டது.

ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை. மிச்சச் சேற்றையும் கடைசிப் பிடி வரைக்கும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். முழங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. தண்டு முழுக்க அம்மைத் தழும்பு போல அரித்திருந்தது. அருள்தாஸ் டீசலை ஊற்றி, சுத்தியலால் தட்டி, மூன்றாவது கட்டையைச் செருகினான். நாகராசு லீவரைத் தொட்டார். ஏதோ உடைந்தது போலப் பெரிய சத்தம். வால்வு வழியாக கிரீஸ் பீய்ச்சியடித்தது. வலது செயினும் தொய்ந்து விழுந்தது.

"தப்பிச்சோம்டா சாமி!" என்று நாகராசு கத்தினார். கைகளை மேலே தூக்கிக் கும்பிட்டார். "நாளைக்கு வண்டி கண்மாய்க்குப் போயிரும் செவந்தி!"

செவந்தி பம்புசெட்டுக்குப் போய்க் கையைக் கழுவினாள்.

அருள்தாஸ் குளிக்கப் போன சமயம் பார்த்து வீட்டுக்குள் அவரைப் பிடித்துக்கொண்டாள். சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வண்டி எப்பங்க கடல்கரைக்குப் போச்சு?"

"சோத்தைத் திங்க விடு."

"தின்னுக்கிட்டே சொல்லுங்க. எப்பப் போச்சு?"

அவர் குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "நான் கால்ல மாவுக்கட்டோட படுத்திருந்தேன்ல, அந்த மாசி மாசம்" என்றார்.

"கீரனூர்ப் பக்கம் பிளாட் போடப் போயிருக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன். வெற்றிதான் பண்ணை வேலை வந்திருக்குண்ணே, போறேன்னான். முடிச்ச கையோட நல்ல தண்ணியில கழுவி கிரீஸ் அடிச்சிருடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பய கழுவல. லாரியில ஏத்திக் கொண்டாந்து அப்படியே நிறுத்திப்புட்டான்."

"அப்ப எந்தம்பி எங்க இருந்தான்?"

"அவன் பொண்டாட்டிக்குத் தஞ்சாவூருல ஆப்பரேசன்னு பதினஞ்சு நாள் லீவுல போயிருந்தான்ல."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. திரும்பி வாரதுக்குள்ள வெளியில தெரிஞ்சதை எல்லாம் தேச்சுக் கழுவிட்டோம்."

கழுவிவிட்டோம் என்றார். கழுவிவிட்டான் என்று சொல்லவில்லை. செவந்திக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் எந்தம்பியைச் சொன்னீங்களா?"

"கொஞ்சம் யோசிச்சுப் பாரு புள்ள. அப்பத்தான் வெற்றிக்குப் பொண்ணு பேசிக்கிட்டு இருந்தோம். பொண்ணோட அப்பாரு ஊரெல்லாம் விசாரிச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு. அண்ணன் வண்டியைக் கெடுத்த ஊதாரின்னு பேரு வந்தா எவன் பொண்ணு குடுப்பான்? யாராச்சும் ஒருத்தரைச் சொல்லணும்ல. வெளியாளைச் சொல்லவா முடியும்? வெள்ளை நம்மாளு. ரெண்டு நாள் மொறைப்பான், அப்புறம் வந்துருவான். ஒன் தம்பி ஒன்னைய விட்டுட்டு எங்க போயிருவான்னு நெனச்சேன்."

"அடப்பாவி மனுசா!" அதுவரைக்கும் அவரை அப்படிச் சொன்னதே இல்லை. "அன்னைக்கு அவன் அய்யனார் கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்றேன்னு நின்னானே. சொந்தத்துக்குள்ள சூடமெல்லாம் எதுக்குப்பா, போனாப் போகுதுன்னு நீங்கதானே தடுத்தீங்க? எம்புட்டுப் பெரிய மனசுன்னு நான் ஒங்களை நெனச்சு அழுதேனே! அவன் அணைச்சா ஒங்களையும் அணைக்கச் சொல்லுவாங்கன்னு பயந்து தடுத்திருக்கீங்க."

நாகராசு தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அவருக்கும் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவர்களுக்குக் கோபம் வருவது சகஜம்தானே.

"எல்லாம் சரி. கரும்பைத் திருப்பி அனுப்புன்னு ஒனக்கு நானா சொல்லிக் குடுத்தேன்? நான் உள்ளே படுத்திருந்தேன். நீயாத்தான் வாசல்ல போய் நின்ன."

செவந்திக்கு அழுகை வந்துவிட்டது. அவளாகத்தான் போய் நின்றாள். இந்த மனுசனுக்காகப் போய் நின்றாள்.

அவள் அழுவதைப் பார்த்ததும் நாகராசுவின் குரல் தணிந்தது. "இப்ப என்ன கெட்டுப்போச்சு? வண்டி சரியாயிருச்சு. காவ்யாவும் மாமன் வேணும்கிறா. அவனுக்குப் போன் போட்டு வரச்சொல்லு. மச்சான் பழசை எல்லாம் மறந்துட்டாரு, மனசுல ஒண்ணும் வச்சுக்கலன்னு சொல்லு. பத்திரிகையில அவன் பேரைப் போட்டுருவோம்."

"என்ன சொல்லணும்?"

"நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு."

செவந்தி எழுந்தாள். அவர் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் மாட்டுக்குக் கொட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் வண்டிக்கு மாலை போட்டு, இரண்டு செயினுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கண்மாய்க்கு ஓட்டிப் போவதாக ஏற்பாடு. வெற்றிசெல்வனும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டான். மதினியைப் பார்த்ததும், "வாங்க மதினி, நீங்கதான் ஆரத்தி எடுக்கணும்" என்றான். அவள் கையில் பையோடு நின்றிருந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒனக்கு ஆறு மாசத்துல கல்யாணம் முடிஞ்சுச்சு. பொண்டாட்டி வந்தா, பிள்ளை பொறந்துச்சு. அதுக்கப்புறமாச்சும் ஒரு நாள் என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லடா? ஒன் பிள்ளைக்கு நான்தானே மருந்து இடிச்சுக் குடுத்தேன்?"

வெற்றிசெல்வன் முகம் செத்துப்போய் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் எஞ்சினைப் பார்த்தார். செவந்தி மெயின் ரோட்டுக்கு நடந்தாள். இலுப்பூருக்குப் போய், அங்கிருந்து விராலிமலை பஸ்ஸில் ஏறி, ஷேர் ஆட்டோவில் கொடும்பாளூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வழியெல்லாம் மனதுக்குள் பேசிக்கொண்டே வந்தாள். தன் புருசன் தன்னை ஏமாற்றியதை எல்லாம் தம்பியிடம் கொட்ட வேண்டும். அவன் மடியில் விழுந்து அழ வேண்டும். தன்னையும் அவனையும் சேர்த்துத்தானே ஏமாற்றினார்கள்? அவனைத் தவிர வேறு யாருக்கு இது புரியும்?

வெள்ளைச்சாமி இப்போது கல்லுடைக்கிற கிரஷர் ஒன்றில் தண்ணி லாரி ஓட்டினான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். தலையில் பாதி நரைத்திருந்தது. அக்காளைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் மனைவி அமுதவல்லிதான், "வாங்க மதினி" என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

செவந்தி எல்லாவற்றையும் சொன்னாள். சேறு, சிப்பி, மாசி மாதம், பெண் பேசியது, சூடம். மூச்சு விடாமல் சொன்னாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "என்னைய நாசம் பண்ணிட்டாங்கடா வெள்ளை. கூடவே இருந்து கழுத்தை அறுத்துட்டாங்கடா. நாலு வருசம் அந்த மனுசனுக்கு உப்பும் புளியும் போட்டேனே!"

வெள்ளைச்சாமி கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "பண்ணை வேலைக்குப் போச்சா? அதான பாத்தேன். அந்தத் தண்டு அப்படிப் பிடிக்காதேன்னு பல நாள் யோசிச்சிருக்கேன்" என்றான். ஒரு மெக்கானிக் பேசுகிற மாதிரி இருந்தது.

"ஒனக்குக் கோவம் வரலையாடா?"

"மச்சான் மேலயா? அவரு அவரு தம்பிக்காகப் பொய் சொன்னாரு. வெற்றி தனக்காகச் சொன்னான். ஊரு உலகத்துல நடக்கிறதுதான்க்கா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அவங்க சொன்னதைப் பத்தி நான் யோசிக்கிறதே இல்ல. நீ ஒரு தடவை கேப்பேன்னு பாத்தேன். பண்ணுனியாடா வெள்ளை, நெசமாத்தான் நீ கிரீஸ் அடிக்கலையாடான்னு. யாரும் இல்லாத நேரம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லியிருப்பேன். நீ நம்பியிருப்ப, நம்பாமப் போயிருப்ப, அது வேற. கேக்கவே இல்லையேக்கா நீயி. நாலு வருசம் போனைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்தேன்."

செவந்தியின் அழுகை நின்றுவிட்டது.

"தப்புத்தான்டா" என்றாள். "காவ்யா கல்யாணம் ஆவணியில. அவ நீ வேணும்கிறா. வருவியாடா?"

"வாராம? அவ என்ன பண்ணுனா? தாய்மாமன் நான் இருக்கேன்ல. மாலை, சேலை, தங்கக்காசு, ஒண்ணுலயும் கொறை வைக்க மாட்டேன். மொத நாளே வந்துருவேன். பத்திரிகையில பேரைப் போட்டுக்க."

செவந்தி அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கை மரக்கட்டை மாதிரி இருந்தது.

"ஆனா ஒண்ணுக்கா. முன்கூட்டியே சொல்லிர்றேன், அங்க வந்து பந்தியில கையைப் பிடிச்சு இழுக்காத. ஒன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

அமுதவல்லி உள்ளே இருந்து இலையைக் கொண்டுவந்து செவந்தியின் முன்னால் போட்டாள். சோறு வைத்தாள். வெள்ளைச்சாமி தானே எழுந்து வந்து, "பருப்புக்கு நெய் ஊத்தும்மா, அக்காவுக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு, லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். செவந்தி சாப்பிட்டாள். தம்பி வீட்டுச் சோற்றை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.